பாதியில் சலித்துப்போன ஆர்.பி.ஜி.: தொடர்வதா, வேறு வழி பார்ப்பதா, விடுவதா?

ஒரு ஆர்.பி.ஜி. (ரோல்-பிளேயிங் கேம், நாமே ஒரு பாத்திரத்தை உருவாக்கி அதுவாகவே ஆடுவது) முதல் மணி நேரத்தில் யாரையும் ஏமாற்றுவதில்லை. முகத்தைச் செதுக்குகிறோம், பெயர் வைக்கிறோம், வில்லா வாளா மந்திரமா என்று யோசிக்கிறோம். அந்த நேரத்தில் எல்லா கேமும் நன்றாகத்தான் இருக்கும். பதினைந்து, இருபது மணி நேரம் போன பிறகு ஒரு நாள் இரவு சேமித்து வைத்த ஆட்டத்தை, அதாவது 'சேவ்' கோப்பைத் திறக்கிறோம். மேப் முழுக்கக் குறிகள். எங்கே போகவும் மனசு வரவில்லை. மூடிவிடுகிறோம். மறுநாளும் அதேதான்.

பத்து மணி நேரத்தில் முடிகிற ஆக்‌ஷன் கேம் பிடிக்காமல் போனால் ஒரு வார இறுதி வீண், அவ்வளவுதான். ஆர்.பி.ஜி. அப்படியல்ல. பெர்சோனா 5-ஐ நிதானமாக ஆடினால் 100 மணி நேரத்தைத் தொட்டுவிடும். அதனால் நடுவழியில் நிற்கிறவர் கொஞ்சம் யோசித்தே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு தொடரலாம். சிரமத்தைக் குறைத்துக் கதையை மட்டும் முடிக்கலாம். வேறு பாத்திரத்தோடு முதலிலிருந்து தொடங்கலாம். பேட்ச் (உருவாக்கியவர்கள் தரும் திருத்தம்), மோட் (ரசிகர்கள் செய்யும் மாற்றம்) வரும்வரை எடுத்து வைக்கலாம். ஒரேயடியாக விட்டுவிடலாம்.

கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "இன்னும் பத்து மணி நேரம் ஆடுங்கள், அப்புறம் பிரமாதமாக இருக்கும்." சில கேம்களுக்கு இது உண்மை. பல கேம்களுக்கு இது உங்கள் பத்து மணி நேரத்தைத் தின்னும் அறிவுரை. எது எந்த வகை என்று தெரிய, சலிப்பு எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

மூன்று விதமான சலிப்பு

முதலாவது, வேகம் தவறிய கேம். உள்ளே சரக்கு இருக்கிறது, ஆனால் வந்து சேர நேரமாகிறது, இல்லையென்றால் இடையில் வெறும் இட்டுநிரப்பல். இரண்டாவது, பழுதுள்ள கேம். குவெஸ்ட் (கேம் நமக்குத் தரும் வேலை) முடிய மறுக்கிறது, ஃபிரேம் விழுந்து படம் திக்குகிறது, சேவ் கெட்டுப்போகிறது. மூன்றாவது வாக்குத் தவறிய கேம். இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் இரண்டுக்கும் மருந்து உண்டு, இதற்குப் பெரும்பாலும் கிடையாது.

ஆர்.பி.ஜி. என்ற வகையே ஒரு வாக்கின் மேல் நிற்கிறது: நீ யாராக இருக்கத் தீர்மானிக்கிறாயோ, அதை இந்த உலகம் கணக்கில் எடுத்துக்கொள்ளும். திறன் புள்ளிகள், பேச்சுத் தேர்வுகள், கூட வரும் தோழர்கள் எல்லாம் அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் இருக்கின்றன.

ஒருமுறை ஒரு கேமில் (பெயர் வேண்டாம், அப்போது 22 மணி நேரம் ஆடியிருந்தேன்) ஓர் ஊர்த் தலைவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கொள்ளைக்காரர்களிடம் சிக்கிய மகனை மீட்டு வரச் சொன்னார். மூன்று பதில்கள் வந்தன. "உடனே போகிறேன்." "எனக்கு என்ன கிடைக்கும்?" "உன் மகன் செத்தால் எனக்கென்ன?" நான் அதுவரை ஆடி வந்தவன் கூலிக்கு வாள் வீசுகிற இரக்கமில்லாத ஆள். மூன்றாவதை அழுத்தினேன். கிழவர் தலையை அசைத்து, "உன் நல்ல மனசுக்கு நன்றி. வடக்குப் பாதையில் போ" என்றார். சேவுக்குத் திரும்பி மற்ற இரண்டையும் அழுத்திப் பார்த்தேன். அதே வரி, அதே குரல், அதே தலையசைப்பு. சண்டை நன்றாக இருந்த கேம் அது. ஊர்களும் அழகு. ஆனால் 22 மணி நேரமாக நான் உருவாக்கிய ஆளை அந்த உலகம் ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை என்று அந்த வாசலில் தெரிந்துவிட்டது.

பெரிய பெயர் பெற்ற கேம்களும் இந்த இடத்தில் சறுக்கியிருக்கின்றன. 2006-ல் வந்த ஆப்லிவியன் எனக்கு மிகப் பிடித்த கேம்களில் ஒன்று, இருந்தாலும் இதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. அதில் உங்கள் லெவல் ஏற ஏற எதிரிகளும் கூடவே ஏறுவார்கள். ஆரம்பத்தில் தோல் கவசத்தோடு வழிமறித்து 100 பொற்காசு கேட்ட வழிப்பறிக்காரன், பின்னாட்களில் ஆயிரக்கணக்கில் விலைபோகும் கண்ணாடிக் கவசம் அணிந்து வந்து நிற்பான். அப்போதும் அவன் கேட்பது அதே 100 காசு. அந்தக் கவசத்தைக் கழற்றி விற்றால் அவன் வழிப்பறியையே விட்டுவிடலாமே என்று ஆடுகிறவருக்குத் தோன்றாமல் இருக்காது. அங்கே உலகம் உடைகிறது. அதோடு இன்னொன்று: லெவல் என்பது நீங்கள் பயன்படுத்தும் முக்கியத் திறன்களைப் பொறுத்து ஏறுவதால், பேச்சிலும் மூலிகை அரைப்பதிலும் தேர்ந்தவர் சண்டையில் பலவீனமாகவே இருந்துகொண்டு பலமான எதிரிகளை வரவழைத்துக்கொள்வார். வளர்வதே தண்டனையாகிவிடுகிறது. 2025-ல் வந்த ரீமாஸ்டரில் லெவல் ஏறும் முறையை மாற்றினார்கள் என்பதிலிருந்தே அந்தக் குறை எவ்வளவு காலம் ஆட்டக்காரர்களை உறுத்தியது என்று புரியும்.

2011-ல் வந்த டியூஸ் எக்ஸ்: ஹியூமன் ரெவல்யூஷன் வேறு மாதிரி. ஒளிந்து போகலாம், ஹேக் செய்யலாம், பேசியே காரியம் சாதிக்கலாம் என்று அந்த கேம் ஒவ்வொரு கட்டடத்திலும் காட்டிக்கொண்டே வரும். அதை நம்பி எல்லாப் புள்ளியையும் ஹேக்கிங்கிலும் பதுங்கலிலும் போட்டவர், முதல் பாஸ் (தனியாக வந்து நிற்கும் பெரிய எதிரி) வந்ததும் ஓர் அறையில் பூட்டப்படுவார். எதிரே கையே துப்பாக்கியாக இருக்கிற ஓர் ஆள். சுட்டுத்தான் ஜெயிக்க வேண்டும். 2013-ல் டைரக்டர்ஸ் கட் பதிப்பு வந்தபோது அந்தச் சண்டைகளைத் திருத்தி, சுடாத பில்டுகளுக்கும் (வேறு திறன்களில் புள்ளி போட்டு வளர்த்த பாத்திரங்களுக்கும்) வழி வைத்தார்கள். வாக்கைத் தவறவிட்டு, பிறகு திரும்பி வந்து காப்பாற்றிய அபூர்வமான கேம் அது.

ஃபால்அவுட் 3-ன் 2008 முடிவும் அப்படித்தான். கடைசியில் கதிர்வீச்சு நிறைந்த அறைக்குள் ஒருவர் போயாக வேண்டும், போனால் சாவு. பக்கத்தில் உங்கள் தோழன் ஃபாக்ஸ் நிற்கிறான், கதிர்வீச்சு அவனை ஒன்றும் செய்யாது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் இதே மாதிரி ஓர் அறைக்குள் போய் உங்களுக்காக ஒரு பொருளை எடுத்து வந்தவன். இப்போது கேட்டால், இது உன் விதி, உனக்கு உரியதை நான் பறிக்க மாட்டேன் என்கிற தினுசில் மறுத்துவிடுவான். ஆடுகிறவருக்குத் தெரிந்த உண்மையைக் கதாசிரியர் மறந்துவிட்டார். 2009-ல் வந்த புரோக்கன் ஸ்டீல் டி.எல்.சி.யில் (பின்னால் வந்த கூடுதல் பகுதியில்) அவனை அனுப்பும் வழி வந்தது.

மாஸ் எஃபெக்ட் 3 பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. 2007, 2010, 2012 என்று மூன்று கேம்கள், ஒன்றின் சேவ் கோப்பை அடுத்ததில் ஏற்றி, யாரைக் காப்பாற்றினோம், யாரை விட்டோம் என்பதையெல்லாம் சுமந்துகொண்டு வந்தவர்களுக்குக் கடைசியில் கிடைத்தது, நிறத்தைத் தவிர பெரும்பாலும் ஒரே மாதிரி ஓடிய முடிவுக் காட்சிகள். சில மாதங்களில் இலவசமாக எக்ஸ்டெண்டட் கட் வந்து விளக்கங்கள் சேர்த்தது. ஆனாலும் நான் அந்த மூன்று கேமையும் யாருக்கும் தயங்காமல் சிபாரிசு செய்வேன். கடைசிப் பத்து நிமிடம் தவறினாலும், அதற்கு முன்னால் 100 மணி நேரம் வாக்கைக் காப்பாற்றிய தொடர் அது. முடிவில் தவறுவதும் முழுக்கத் தவறுவதும் ஒன்றல்ல.

பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்வது

வேகம் மட்டும் தவறிய கேமுக்கு இது சரிப்படும், ஆனால் ஒரு நிபந்தனையோடு: எங்கே மாறும் என்று திட்டவட்டமாகத் தெரிய வேண்டும். ஃபைனல் ஃபேன்டஸி 13 இதற்குப் புகழ்பெற்றது. மொத்தம் 13 அத்தியாயங்கள், 11-வது அத்தியாயத்தில்தான் கிரான் பல்ஸ் என்ற திறந்தவெளி வரும். அதுவரை ஏறக்குறைய ஒரே நீண்ட தாழ்வாரம். குழுவை நாமே தேர்ந்தெடுக்கும் உரிமைகூட வெகுநேரம் கழித்துத்தான். கிரான் பல்ஸ் நிஜமாகவே அழகு, சண்டை முறையின் அருமையும் அங்கேதான் புரியும். அப்படியானால் தொடரலாமா? சண்டையும் பாத்திரங்களும் ஏற்கெனவே கொஞ்சமாவது பிடித்திருந்தால் தொடருங்கள். இரண்டும் பிடிக்கவில்லை என்றால் திறந்தவெளி உங்களைக் காப்பாற்றாது. அதே சண்டையைப் பெரிய மைதானத்தில் போடப் போகிறீர்கள்.

"அப்புறம் நன்றாக இருக்கும்" என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் கேள்வி ஒன்று: அப்புறம் என்ன மாறும்? புதிதாக ஒன்று வரும் என்றால் காத்திருக்கலாம். இருப்பதே பெரிதாகும் என்றால் வேண்டாம்.

கதையை மட்டும் முடிப்பது

என் கணிப்பில், ஐந்து வழிகளில் மிகக் குறைவாக மதிக்கப்படுவது இதுதான். சிரமத்தைக் குறைத்தால் ஏதோ தோற்றுவிட்டது போல் பலர் நினைக்கிறார்கள். விட்சர் 3-ல் மிகக் குறைந்த நிலையின் பெயரிலேயே 'கதை மட்டும்' என்று இருக்கிறது. மாஸ் எஃபெக்ட் 3 தொடங்கும்போதே சண்டை முக்கியமா, கதை முக்கியமா என்று கேட்கும். பழைய ஃபைனல் ஃபேன்டஸி 7-ன் மறுவெளியீடுகளில் ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாம் மூன்று மடங்கு வேகத்தில் ஓடும், திடீர்ச் சண்டைகளை அடியோடு நிறுத்தவும் முடியும். கேமை உருவாக்கியவர்களே திறந்து வைத்த கதவு இது, நுழைவதில் ஒரு குறையும் இல்லை.

சிரமத்தைவிட முக்கியம் சைட் குவெஸ்டுகளை (முக்கியக் கதைக்கு வெளியே உள்ள கிளை வேலைகளை) விடுவது. 2014-ல் வந்த டிராகன் ஏஜ்: இன்குவிசிஷனில் முதல் பெரிய பகுதி ஹின்டர்லேண்ட்ஸ். மூலிகை பறி, ஆட்டுக்கறி கொண்டு வா, துண்டு துண்டாகக் கிடக்கும் படிகங்களைத் தேடு என்று அது முடிவில்லாமல் விரியும். நல்ல பிள்ளையாக எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் போவேன் என்று உட்கார்ந்தவர்கள் அங்கேயே களைத்துப்போனார்கள். "முதலில் ஹின்டர்லேண்ட்ஸை விட்டு வெளியே போங்கள்" என்பது கேம் வந்த புதிதிலேயே ஆட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் அறிவுரையாகிவிட்டது. ஸ்கைஹோல்ட் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அந்த கேம் வேறு கேம்.

விட்சர் 3-ல்கூட ஸ்கெலிகே கடலில் சிதறிக் கிடக்கும் கேள்விக்குறிகளைப் பாருங்கள். படகில் போய், தண்ணீரில் குதித்து, பெட்டியைத் திறந்து, மறுபடி படகில் ஏறி... பெரும்பாலானவை கடத்தல் சரக்குப் பெட்டிகள்தான். அதே கேமில் பிளடி பேரன் குடும்பத்தின் கதை இருக்கிறது. குடித்துவிட்டு மனைவியை அடித்தவனை வெறுக்கவும் முடியாமல் மன்னிக்கவும் முடியாமல் நிற்கவைக்கும் குவெஸ்ட் அது. இரண்டையும் மேப் ஒரே கண்ணோடுதான் காட்டும். எதற்குப் போவது என்று நாம்தான் பிரிக்க வேண்டும். மெனுவுக்குள் போய்க் கேள்விக்குறிகளை அணைத்துவிட்டு ஆடினால் பாதிச் சலிப்பு போய்விடும்.

ஒரு சோதனை: ஒரு சைட் குவெஸ்டில் யாராவது உங்களிடம் முழுதாகப் பேசுகிறாரா? பேர் உள்ள ஆள், அவருக்கு ஒரு பிரச்சினை, அதில் உங்களுக்கு ஒரு தேர்வு இருந்தால் செய்யுங்கள். அறிவிப்புப் பலகையில் எண்ணிக்கை மட்டும் இருந்தால் விட்டுவிடுங்கள்.

வேறு பாத்திரத்தோடு முதலிலிருந்து

இது ஆபத்தான வழி. புது பாத்திரம் உருவாக்கும் சந்தோஷத்தில் இரண்டு நாள் போகும், பிறகு அதே பதினைந்தாவது மணி நேரத்தில் அதே சலிப்பு வந்து நிற்கும். பில்ட் தப்பாகப் போனதால் மட்டுமே கேம் கசந்தது என்றால் தொடங்கலாம். அப்போதுகூட முதலில் திறன் புள்ளிகளைத் திரும்பப் பெறும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். பால்டர்ஸ் கேட் 3-ல் முகாமில் விதர்ஸ் என்ற பாத்திரம் 100 பொற்காசுக்கு உங்கள் வகுப்பையே (வீரன், மந்திரவாதி போன்ற பாத்திர வகையையே) மாற்றித் தருவார். முப்பது மணி நேரத்தைத் தூக்கிப்போட வேண்டியதில்லை.

உலகம் உங்களைக் கவனிக்கிற கேம் என்றால் மறுபடி தொடங்குவதற்கு வேறு அர்த்தம் உண்டு. 1998-ல் வந்த ஃபால்அவுட் 2-ல் அறிவுப் புள்ளியை அடிமட்டத்தில் வைத்துத் தொடங்கினால், உங்கள் பாத்திரம் சொற்களைத் தேடித் திணறும், ஊர்க்காரர்கள் உங்களிடம் பேசுகிற விதமே மாறிவிடும். இரண்டாவது ஆட்டம் வேறு கேம்.

எடுத்து வைத்துக் காத்திருப்பது

பழுதுதான் பிரச்சினை என்றால் இதைவிட நல்ல முடிவு கிடையாது. சைபர்பங்க் 2077 வெளியானது 2020 டிசம்பர் 10. பழைய கன்சோல்களில் அது ஓடிய லட்சணத்துக்கு, பத்து நாள் ஆவதற்குள் சோனி தன் பிளேஸ்டேஷன் ஸ்டோரிலிருந்து அதை எடுத்துவிட்டது. 2021 ஜூனில்தான் திரும்ப வந்தது. 2023 செப்டம்பரில் வந்த 2.0 அப்டேட் திறன் மரம், போலீஸ் துரத்தல் எல்லாவற்றையும் புதிதாக எழுதியது. முதல் வாரத்தில் கோபத்தோடு முடித்தவருக்குக் கிடைத்ததும், மூன்று ஆண்டு கழித்துத் தொட்டவருக்குக் கிடைத்ததும் கிட்டத்தட்ட இரண்டு வேறு கேம்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தொடக்கத்தில் நாடோடியா, தெருப்பிள்ளையா, கார்ப்பரேட் ஆளா என்று கேட்கிறார்களே, அந்தத் தேர்வு முன்னுரைக்குப் பிறகு பெரும்பாலும் சில கூடுதல் பேச்சு வரிகளாகச் சுருங்கிவிடும். 2.0 வந்த பிறகும் அது அப்படியேதான். பேட்ச் பழுதைத் தீர்க்கும். வாக்கைக் காப்பாற்றுவது அதனால் அநேகமாக முடிவதில்லை.

இன்னும் பெரிய அதிசயம், இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் ஃபைனல் ஃபேன்டஸி 14. 2010-ல் மோசமாக வந்தது. 2012 நவம்பரில் சர்வர்களை மூடினார்கள். கதைக்குள்ளேயே வானத்திலிருந்து ஒரு நிலா விழுந்து அந்த உலகம் அழிந்தது. 2013 ஆகஸ்டில் புது கேமாகத் திரும்பியது. இப்படி நடப்பது மிக அபூர்வம், இதை நம்பி எல்லா கேமுக்கும் காத்திருக்க முடியாது.

மோட் என்றால் ரசிகர்களின் உழைப்பு. 2004-ல் அவசரமாக வெளிவந்த நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக் 2-ல் வெட்டப்பட்ட பகுதிகள் கோப்புகளுக்குள்ளேயே கிடந்தன. ரசிகர்கள் அவற்றைத் தோண்டி எடுத்து மறுபடி ஒட்டவைத்தார்கள். அதே ஆண்டு வந்த வேம்பயர்: பிளட்லைன்ஸை உருவாக்கிய ஸ்டுடியோ அடுத்த ஆண்டே மூடப்பட்டது. அதற்கு இன்றுவரை உயிர் கொடுத்துக்கொண்டிருப்பது ரசிகர் பேட்ச். இந்த இரண்டையும் மோட் இல்லாமல் ஆடாதீர்கள். கன்சோலில் ஆடுகிறவர்களுக்கு இந்த வழி பெரும்பாலும் அடைபட்டிருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

விடுவது

வாக்குத் தவறிய கேமை விடுங்கள். இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், மற்ற நான்கு வழிகளையும் நான் இப்படிப்பட்ட கேம்களில் முயன்று பார்த்திருக்கிறேன். சிரமத்தைக் குறைத்தால் அர்த்தமில்லாத உலகம் இன்னும் வேகமாகக் கடந்து போகிறது. மறுபடி தொடங்கினால் அதே கிழவர் அதே வரியைச் சொல்கிறார். செலவழித்த மணி நேரத்தை நினைத்துத் தொடர்வதுதான் மிக மோசம், போன நேரம் எப்படியும் திரும்பாது.

சந்தேகம் இருந்தால் நான் செய்தது போலவே செய்யுங்கள். அடுத்த பெரிய தேர்வுக்கு முன்னால் சேவ் செய்யுங்கள். ஒரு பக்கம் போய் அரை மணி நேரம் ஆடுங்கள். திரும்பி வந்து எதிர்ப்பக்கம் போய் அரை மணி நேரம் ஆடுங்கள். ஏதாவது மாறியதா? ஒரு ஆள், ஒரு கதவு, யாரோ உங்களைப் பார்க்கும் பார்வை? மாறியிருந்தால் சலிப்பு வேகத்தில் இருக்கிறது, சைட் குவெஸ்டுகளை விட்டுவிட்டுக் கதையைப் பிடியுங்கள். எதுவுமே மாறவில்லை என்றால் சேவ் கோப்பை அழிக்காமல் கேமை மட்டும் அன்இன்ஸ்டால் செய்யுங்கள். ஒருவேளை ஒரு டைரக்டர்ஸ் கட் வரலாம்.

அந்த ஊர்த் தலைவரின் கேமை நான் 22 மணி நேரத்தோடு விட்டேன். அடுத்து எடுத்தது 2019-ல் வந்த டிஸ்கோ எலிசியம். 24 திறன்கள், வழக்கமான சண்டை கிடையாது. அறிவுக்கு நிறையப் புள்ளி கொடுத்து, உடலுக்கு 1 மட்டும் வைத்தேன். குடித்து மயங்கிக் கிடந்த போலீஸ்காரன் ஒரு ஹோட்டல் அறையில் கண் விழிக்கிறான். மேலே மின்விசிறியில் அவனுடைய டை சுற்றிக்கொண்டிருக்கிறது. எட்டிப் பிடிக்கப் பார்த்தேன், தவறியது, அந்த அதிர்ச்சியில் மாரடைப்பு வந்து அவன் செத்தான். கேம் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு டையை எடுக்கப் போய்ச் சாகிற அளவுக்கு நலிந்த ஆளை நான்தான் உருவாக்கினேன், அந்த கேம் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. உடலுக்கு இன்னும் ஒரு புள்ளி சேர்த்து அப்போதே மறுபடி தொடங்கினேன்.